எண்ணெய் படாத இடம்

கப்பலின் எரிப்பு உலைக் கதவைத் திறந்த துறைமுக ஆய்வாளர், உள்ளே கையை விட்டு ஒரு ஜோடி ஷூவை வெளியே எடுத்தார். சின்னப் பிள்ளை போடுகிற வெள்ளை ஷூ. விலை அட்டைகூடப் பிய்க்கவில்லை. பக்கத்தில் நின்ற தலைமை எஞ்சினியர் கையிலிருந்த பதிவேட்டை மூடினார்.

கப்பலில் சேருகிற கழிவெண்ணெயை ஒன்று உலையில் எரிக்க வேண்டும், இல்லை துறைமுகத்தில் ஒப்படைக்க வேண்டும். எதுவானாலும் பதிவேட்டில் எழுத வேண்டும். எல்லா நாட்டுக்கும் பொதுவான சட்டம். 'வியாழக்கிழமை, ஒன்பது மணி நேரம் எரிக்கப்பட்டது' என்று அவரும் குண்டு குண்டாக எழுதித்தான் வைத்திருந்தார். ஆனால் உலை பழுதாகி ஏழு மாதமாயிற்று. உதிரிபாகம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு குழாயை மாட்டிக் கடலிலேயே விடச் சொல்லிவிட்டார். கடல் வந்து சாட்சி சொல்லவா போகிறது என்று ஒரு மிதப்பு. ஷூ சொல்லும் என்று யார் கண்டது?

குழாயை மாட்டியவன் கொக்கு. எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற ஆள். கழுத்தின் நீளத்துக்காக வந்த பெயர். பதினொரு வருஷமாக அவர் ஏறுகிற கப்பலில்தான் அவனும் ஏறுவான். போன துறைமுகத்தில் மகளுக்கு வாங்கிய ஷூவை இந்த உலைக்குள் அவன் வைத்தபோது அவரும் சேர்ந்து சிரித்தார். "கப்பல்லயே எண்ணெ படாத இடம் இது ஒண்ணுதாண்ணே," என்றான்.

"எரிக்கலைன்னா எண்ணெ எங்க போச்சு?" என்றார் ஆய்வாளர். "கடல்ல விடச் சொன்னது யாரு?"

பின்னால் நின்றிருந்த கொக்கு தலைமை எஞ்சினியரை ஒரு தடவை பார்த்தான்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் விட்டேன். எரிச்சாச்சுன்னு இவர்கிட்ட பொய் சொன்னேன். நம்பி எழுதிட்டாரு."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொண்டை வரை வந்தது. கூடவே, உரிமம் போய்விடும், கம்பி எண்ண வேண்டும் என்பதும் வந்தது. பையிலிருந்த அழுக்குத் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து அவர் பிறகு கூனிக்குறுகாத நாளே இல்லை.

ஆய்வாளர் ஷூவைப் படம் எடுத்துவிட்டு, தரையிலேயே வைத்தார். கொக்கைக் கூட்டிப்போக இரண்டு பேர் வந்தார்கள். படியேறும்போது அவன் திரும்பினான். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டுவிடப் போகிறான் என்று இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, அந்த ஷூவ எடுத்து வைங்க. எண்ணெ பட்டுடப் போவுது."

குனிந்து எடுத்தார். எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி உலைக்குள்ளேயே வைத்தார். கதவைச் சாத்தும்போதுதான் கவனித்தார். வெள்ளை ஷூவின் முனையில் அவருடைய கட்டைவிரல் ரேகை, கறுப்பாக.