ஒலிபெருக்கியில் வாத்து வேட்டை

அமாரா நகரத்தில் சண்டை நிறுத்தத்தை நம்புகிறவன் மடையன். நிப்ராஸின் அண்ணன் ஹைதம், தண்ணீர் மோட்டார் தகராறில் எதிர்வீட்டு ஃபர்ஹூதுடைய மகனின் காலைச் சுட்டு உடைத்திருந்தான். பெரியவர்கள் கெஞ்சி, வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கியிருந்தார்கள். அதற்குள் இந்த வீட்டிலிருந்து ஒரு குண்டு கிளம்பினாலும் ஹைதமின் உயிர் போகும்.

நிப்ராஸ் டீச்சர் பயிற்சியில் இருந்தாள். பிள்ளைகளுக்கான ஒரு மென்பொருளில் மறுநாள் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். திரையில் வண்ணக் கட்டைகளைக் கோர்த்தால் பொம்மை ஆடும். அவள் சதுப்பு வாத்து ஒன்றைப் பறக்கவிட்டாள். வேட்டுச் சத்தம் வேண்டுமே. சித்தப்பா கல்யாணத்தில் ஹைதம் வானத்தில் சுட்டது அவள் கைபேசியில் இருந்தது, அதையே சேர்த்தாள். மடிக்கணினியில் சத்தம் வரவில்லை என்று, முஹர்ரம் ஒப்பாரிக்காக முற்றத்தில் கட்டிய பெரிய ஒலிபெருக்கியோடு இணைத்தாள்.

"என்னடி, வாத்து மேய்க்கவா உன்னப் படிக்க வச்சோம்?" என்றான் ஹைதம்.

"போய்க் குளிண்ணே. நாத்தம் தாங்கல. வாத்தே செத்துரும்."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவள் 'ஒருமுறை' என்ற கட்டையை வைப்பதற்குப் பதில் 'எப்போதும்' என்பதை வைத்திருந்தாள். கவனிக்காமல், பொம்மையை ஓடவிடும் பச்சைக் கொடியை அழுத்தினாள்.

தெரு அதிர்ந்தது. வேட்டு நிற்கவே இல்லை. எதிர்வீட்டிலிருந்து உடனே பதில் வந்தது. ஜன்னல் நொறுங்கியது, தண்ணீர்த் தொட்டி பிளந்து கொட்டியது.

"வந்துட்டானுங்க!" ஈரத் துண்டோடு ஹைதம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான்.

"அண்ணே, அது வாத்துண்ணே! சுடாத!"

அவன் காதில் எங்கே விழும்? சுட்டான். எதிர்வாசலில் ஃபர்ஹூதின் தம்பி குப்புற விழுந்தான்.

நிப்ராஸ் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஒலிபெருக்கி அடங்கியது, தெரு அடங்கவில்லை. தெருவுக்கு ஓடி, உடுத்தியிருந்த கறுப்பு அங்கியைக் கழற்றி நடுவில் வீசினாள். பெண்ணின் அங்கி விழுந்த இடத்தைத் தாண்டி யாரும் சுடக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். இரண்டு பக்கமும் சுடுவது நின்றது.

"மாமா, முதல்ல எங்க வீட்ல யாரும் சுடல. ஸ்பீக்கர் பெட்டியோட சத்தம் அது."

"பெட்டி சுட்டுச்சா? கேப்போம்" என்றார் கிழவர் ஃபர்ஹூத்.

உள்ளே ஓடிப் பச்சைக் கொடியை மறுபடி அழுத்தினாள். தெருவில் நின்றவர்கள் எல்லாம் தரையில் படுத்தார்கள். கிழவர் மட்டும் நின்றார். சத்தத்தை நிறுத்திவிட்டு அவள் வாசலுக்கு வந்தாள்.

"சரி, சத்தம் பெட்டியோடதுதான். என் தம்பி நெஞ்சுல கிடக்கிறதும் பெட்டியோட குண்டா?"

துண்டோடு ஹைதம் இறங்கி வந்தான், வெறுங்கையோடு. "அவள விடுங்க. சுட்டது நான்தான்."

கிழவர் அவன் முகத்தில் சுட்டார். விழுந்த பிறகும் சுட்டார். பிறகு, நடுத்தெருவில் கிடந்த அங்கியை மிதித்துக்கொண்டு தம்பியைத் தூக்கப் போனார்.