மத்தி குவிந்தால் கோபப்படாத கடல்

எங்கள் குப்பத்திலிருந்து மதராசுக்குப் போய் மானுடவியல் படித்தவள் நான் ஒருத்திதான். "மனுசனை அளக்குற படிப்பாடி?" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். சாமி, தீட்டு என்று எதைச் சொன்னாலும் அதற்கு அடியில் யாருடைய சோறு, யாருடைய உழைப்பு இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கச் சொன்னார் என் பேராசிரியர். 1981 தை மாதம் சொந்த அக்காவுக்காகவே தோண்ட வேண்டி வந்தது.

ஐப்பசியில் கடலுக்குப் போன அக்கா புருஷன் திரும்பவில்லை. புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள் ஒரு வருஷம் கரைக்கு வரக் கூடாது, வந்தால் கடலம்மா கோபித்துக்கொள்வாள் என்பது எங்கள் ஊர்க்கட்டு. மீன் ஏலமோ கரையில்தான். மற்றப் பெண்கள் எடுத்தது போக மிஞ்சிய நொந்த மீன்தான் கனகம் அக்காவுக்கு. அதைப் பக்கத்து ஊரான நெரவிக்குக் கொண்டுபோனால் எவர் வாங்குவார்? பிள்ளைகள் இரண்டும் வெறும் கஞ்சித் தண்ணீரில் கிடந்தன.

ஒரு நாள் காலையில் பஞ்சாயத்து கூடியபோது எழுந்து நின்றேன். தலைவர் நீலமேகம் எனக்குப் பெரியப்பா முறை.

"பெரியப்பா, போன வருஷம் மத்தி மலையாக் குவிஞ்சப்ப, அள்ள ஆளில்லேன்னு தையல்நாயகி சித்தியைக் கரைக்குக் கூப்பிட்டது நீங்கதானே? சித்தி தாலி அறுத்து நாலு மாசம்கூட ஆவல. அப்ப கடலம்மா தூங்கிட்டாளா?"

"அது வேற, இது வேற."

"என்னங்க வேற? மீன் நெறைய இருந்தா கை வேணும், ஊர்க்கட்டைத் தூக்கிடுறீங்க. மீன் கொறைஞ்சா ஏலத்துல ஒரு ஆளு கொறையணும், கட்டைப் போட்டுடுறீங்க. நடுவுல கடலம்மாவை ஏன் இழுக்குறீங்க?"

"படிச்ச திமிரு! அவ வந்து நின்னு எவன் கட்டுமரமாவது கவுந்தா நீயா பொறுப்பு?"

"ஆமா, நான்தான் பொறுப்பு!"

வீட்டுக்கு ஓடிப்போய் பஞ்சாயத்தில் பேசியதை அக்காவிடம் சொல்லி, இன்றைக்கே ஏலத்துக்கு வா என்றேன்.

"நீ சொல்றதெல்லாம் நெசம்தான்டி. ஆனா எனக்குப் பயமா இருக்கே. நம்ம தம்பி கண்ணையன் இன்னும் கடல்லதான் இருக்கான். நான் போய் நின்னு அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா?"



சின்னவன் காலிச் சட்டியை விரலால் வழித்துக்கொண்டிருந்தான். அக்கா அவனையே பார்த்தாள். பிறகு கூடையைத் தூக்கினாள்.

கரையில் எல்லோரும் விலகிக்கொண்டார்கள். கண்ணையனின் கட்டுமரம் அலை முறியும் இடத்துக்கு வந்திருந்தது. அக்கா தண்ணீர் வரை போனாள்.

"வேணும்னா என்னை எடுத்துக்கடி! என் தம்பி மேல கை வச்சே, உன்னைச் சும்மா விடமாட்டேன்!" என்று கடலைப் பார்த்துக் கத்தினாள்.

மரம் பத்திரமாகக் கரை சேர்ந்தது. அன்றைய ஏலத்தில் முதல் விலையை அக்காதான் கேட்டாள்.