கொட்டினால் நிறையும் வயிறு

சூப் தொழிற்சாலை மேனேஜர் வெளியே நின்று கதவை உதைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ருசி பார்ப்பவர் இரண்டு கையாலும் வால்வைத் திருப்பி, ஒரு குறையும் இல்லாத தக்காளி சூப்பை ஒரு டேங்க் முழுக்க வெளியே விட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் மனைவி பசியில் துரும்பாகியிருந்தாள். அந்த வீட்டுக்காரர்கள் கையால் கொட்டி வீணாக்கியது மட்டும்தான் அவள் வயிற்றை நிரப்பும். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

கல்யாணமான மறுநாள் தொடங்கியது. அவள் பிறந்த வீட்டில் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரையும் குடித்துவிடுவார்கள். புகுந்த வீட்டிலோ தட்டில் கால்வாசி மிச்சம் வைப்பதுதான் கௌரவம். காலையில் செய்தது மதியத்துக்கு ஆகாது. ரொட்டியின் ஓரம் லேசாகக் கறுத்தால் முழு ரொட்டியும் குப்பைக்கு. மருமகள் துடைத்து வைத்த தட்டைப் பார்த்த மாமியார், போட்டது பத்தவில்லை என்று குத்திக்காட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டார். மறுபடி நிரப்பினார். போட்டதை மிச்சம் வைத்தால் மரியாதை இல்லையே என்று அவள் அதையும் துடைத்தாள். கடைசியில் மாமியார் தட்டைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார். மருமகளுக்கு ஏப்பம் வந்தது. அதற்குப் பிறகு வாயில் வைத்த எதுவும் அவள் தொண்டையைத் தாண்டவில்லை. வந்து பார்த்த டாக்டர், மாமியாரை ஒரு பிஸ்கட்டை ஜன்னல் வழியே எறியச் சொன்னார், நாடி பிடித்தார், தேறிவிடுவாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமியார் கொட்டினார், மருமகள் சதை போட்டாள். எங்க வீட்டுச் சாப்பாடு அப்படி என்று மாமியாருக்குப் பெருமை வேறு. அவர் காலமான பிறகு அடுப்படி மருமகள் கைக்கு வந்தது. ஒரு பருக்கையைக்கூடக் கொட்ட விடமாட்டேன் என்றுவிட்டாள். கணவருக்கு வேறு வழி தெரியவில்லை. சூப் தொழிற்சாலையில் அவருக்கு 'நாக்கு' என்று பெயர். அந்த நாக்கு 'சரியில்லை' என்று சொல்லிவிட்டால் டேங்க் காலி. நாக்கு மரத்துப்போய் வருஷக்கணக்காகிவிட்டது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. உப்பு ஜாஸ்தி, அடிப்பிடித்த வாசனை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கொட்டினார். கெட்டுப்போனதைத்தானே கொட்டுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவைத்தார். அவள் கன்னம் உப்பியிருந்தது. வாழ்க்கை ஓடியது.

பிறகு என்ன கொட்டினாலும் அவள் இளைத்தாள். இவர் இன்னும் கொட்டினார். அதில் கடைசி டேங்க்தான் இன்று கொட்டியது. கதவு உடைந்தது. "என்னய்யா, உன் நாக்குல புழுவா நெளியுது? நானே குடிச்சுப் பார்த்தேன், தேன் மாதிரி இருக்கு," என்றார் மேனேஜர். வேலை போனது.

பின்பக்கச் சுவரைச் சுற்றி வீட்டுக்கு நடந்தபோதுதான் அவர் பார்த்தார். கழிவு சூப் போகும் குழாயின் வாயில் பெண்கள் பாத்திரங்களோடு வரிசையில் நின்றார்கள். ஒருத்தி கைக்குழந்தைக்கு ஊதி ஊதிப் புகட்டினாள். ஒரு சொட்டு தரையில் விழவில்லை. எதுவுமே வீணாகாதபோது மனைவி வயிற்றுக்கு எங்கிருந்து போகும்?

வீட்டில் அவள் ரொட்டியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கைவளையல் முழங்கையில் கிடந்தது. அவர் வேலை போனதைச் சொன்னார், வரிசையைச் சொன்னார்.

"எவளோ ஒரு மகராசி போய் அந்தப் பொம்பளைங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்கா. அவ யாருன்னு மட்டும் தெரியட்டும்."

"நீங்க கொட்டினது நல்ல சூப்புன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்," என்றாள் அவள்.

"அது இல்லைன்னா நீ பசியில செத்துருவேடி."

"பசிக்குதுதான். அந்தக் குழாய்ல முதல் பாத்திரத்தைக் கொண்டுபோய் வச்சதே நான்தாங்க."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, ரொட்டியைக் கறுத்த ஓரத்தையும் விடாமல் மென்றார்.