நாற்பது பேர் ரத்தம்

"கார்த்திகா, ஒன் ரத்தம் கொஞ்சம் தர்றியாம்மா?"

திருமுருகன் அண்ணன் இப்படிக் கேட்டபோது அவளுக்குக் கூச்சத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. எதற்கு என்று திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. புது மெஷினைச் சரிபார்க்க நல்ல ரத்தம் வேண்டும் என்று அவராகவே சொன்னார். கையை நீட்டினாள். முடிந்ததும் மாதுளை ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவையும் எடுத்தார்.

பதினொன்றாம் வகுப்போடு நின்றுபோய் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவள் அவள். கொட்டை எண்ணெய் பட்டு விரல் தோல் உரிந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து தப்பித்து, புதுக்கோட்டையில் இந்தப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் குழாய் கழுவவும் பெயர்ச்சீட்டு ஒட்டவும் சேர்ந்திருந்தாள். டெங்கு வந்துபோனவர்கள் உடம்பில் அதை எதிர்க்கிற சக்தி எத்தனை வருஷம் தங்குகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி. பேராசிரியர் சொர்ணவல்லிதான் தலைமை. ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்து வருவது திருமுருகன். டெல்லியிலிருந்து மறுபடியும் நிதி வந்தால்தான் கூடம் திறந்திருக்கும். வராவிட்டால் கார்த்திகா முந்திரிக்கொட்டைக்கே போகவேண்டியதுதான்.

மார்ச் முடிவதற்குள் கடைசி நாற்பது பேரின் ரத்தம் வேண்டியிருந்தது. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்குத் திருமுருகன் போன நேரம், அங்கே அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை அந்த ஊரில் முகம்கூட மழிக்கமாட்டார்கள், ரத்தம் கொடுப்பார்களா? "ஆத்தாவுக்கு முன்னாடி ஒங்க டெல்லிக்காரனுக்குப் படைக்கணுமாக்கும்" என்று ஒரு பெண் விரட்டியதைத் திரும்பி வந்து அவரே சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்த வாரமே நாற்பது குழாய்களும் வந்து சேர்ந்தன. மனசு மாறிட்டாங்க என்றார். கார்த்திகா சந்தோஷமாகப் பெயர் ஒட்டினாள். குழாய்கள் டெல்லிக்குப் போயின.

மழைக்காலம் தொடங்கும்போது டெல்லியிலிருந்து பதில் வந்தது. சொர்ணவல்லி மேடம் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"அங்க மறுபடியும் சோதிச்சுப் பாத்திருக்காங்க. நாப்பது குழாயும் ஒரே ஆளோட ரத்தம். ஆம்பளைங்க பேர் போட்டதுலயும் ஒரே பொம்பளை ரத்தம்."

கார்த்திகாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. மேடம் மேலே பேசிக்கொண்டே போனார். நிதி நின்றுவிட்டது என்பது மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. ஒட்டிய பெயர்களெல்லாம் கண்ணுக்குள் ஓடின. தாடிக்காரர்கள், தாத்தாக்கள், டிராக்டர் ஓட்டுகிறவர்கள். அத்தனை பேரும் அவளா?

திருமுருகன் நிதானமாகச் சொன்னார். "சீட்டு ஒட்டுனது இந்தப் பிள்ளைதான் மேடம். ஒருத்தரோடதையே எல்லாத்துலயும் ஊத்தி வச்சிருச்சு போல. பாதியில படிப்பை விட்ட பிள்ளைக்கு என்ன தெரியும்?"

நேற்று வரை அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தவள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. சுடிதார்க் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டு, கையை மேசைமேல் நீட்டி வைத்தாள்.

"என் ரத்தத்தை எடுத்துப் பாருங்க மேடம். அண்ணன் ரெண்டு தடவை வாங்குனாங்க. மெஷினுக்குன்னு சொன்னாங்க."

மேடம் திருமுருகனைப் பார்த்தார். அவர் தலை கவிழ்ந்தது; கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தும்விட்டது.

"காப்புக் கட்டிட்டாங்க, ஒரு மாசம் தள்ளிப் போடுவோம்னு நான்தான் கெஞ்சுனேன்ல மேடம்? நீங்கதான் எப்படியாவது கொண்டாங்க, எப்படின்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்கன்னீங்க."

இல்லை என்று மேடம் சொல்லுவார் என்று கார்த்திகா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொர்ணவல்லி கண்ணாடியைக் கழற்றினார். கைப்பையை எடுத்துக்கொண்டார். மேசைமேல் நீட்டியிருந்த கையைச் சுற்றிக்கொண்டு நடந்து வெளியே போய்விட்டார்.