ஆடாத தண்டு

மலேசியாவின் மெர்சிங் கடலில், முழங்கால் அளவு தண்ணீரில் நின்று தேடிக்கொண்டிருந்தபோது பிரேமலாவின் மெட்டல் டிடெக்டர் தண்டு முறிந்தது. அடியில் இருந்த வட்டத் தட்டை ஓர் அலை பக்கவாட்டில் தள்ளியது. தட்டும் தண்டும் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் பிளந்துகொண்டு போயிற்று. தட்டு ஒயரில் தொங்கியபடி தண்ணீரில் இழுபட்டது.

கரையில் குடை பிடித்து நின்ற நாகம்மை ஆச்சி கேட்டார். "கெடச்சிருச்சாம்மா?"

"இல்ல ஆச்சி. கம்பு ஒடைஞ்சிருச்சு."

"பரவாயில்ல, மேல வா" என்றார் ஆச்சி. ஆனால் அவர் கண்கள் கடலை விட்டு வரவில்லை.

பிரேமலா பாசிர் கூடாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அச்சுகளைப் பழுதுபார்ப்பவள். விடுமுறை நாட்களில் கடற்கரைகளில் தேடுவது அவளுக்குப் பிடித்த வேலை. தொலைந்த மோதிரங்களை உரியவர்களிடம் கொடுத்த படங்களை முகநூலில் போடுவாள். அதைப் பார்த்துத்தான் ஆச்சி அழைத்திருந்தார். அவருடைய கணவர் சொக்கநாதன் ஜொகூர் பாருவில் துணிக்கடை வைத்திருந்தவர். சில வாரங்களுக்கு முன் காலமாகிவிட்டார்.

"தொலையலம்மா" என்று அன்று போனில் ஆச்சி சொல்லியிருந்தார். "சாம்பல் கரைக்கப் போன எடத்துல, தாலியையும் சங்கிலியோட கடல்ல விட்டுருங்கன்னு கொழுந்தன் சொன்னாரு. எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. விட்டுட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், ஏன் விட்டோம்னு இருந்துச்சு. அது எங்கிட்ட இருக்கணும்மா."

பிரேமலாவின் கணவன் குணாளனுக்கு இது பிடிக்கவில்லை. அவன் சிங்கப்பூருக்குப் பேருந்து ஓட்டுபவன். தண்டு முறிந்த செய்தியைக் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"கடலுக்குக் கொடுத்தத திரும்ப எடுக்கலாமா? சாமி குத்தம் ஆயிடும் லா."

"கொடுத்தவங்களே கேக்குறாங்க."

"மெஷின் ஒடைஞ்சுச்சுல்ல. அதுக்கு என்ன சொல்ற?"

"அது மட்டமான பிளாஸ்டிக்குங்க. நான் வாங்குன அன்னிக்கே ஆடுச்சு."

குணாளன் கை கழுவ எழுந்தான்.

அதே மாதிரித் தண்டு வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் வருடக் கடைசி மழை தொடங்கிவிடும். பெரிய அலைகள் வந்து கரையோர மணலையெல்லாம் புரட்டிப் போட்டுவிட்டால், பிறகு எங்கே தேடினாலும் ஒன்றுதான். தானே செய்துவிடலாம் என்று பிரேமலா முடிவெடுத்தாள்.

முதலில் தடித்த பிவிசி குழாய்க்குள் மரக்கம்பைச் செருகிப் பார்த்தாள். தண்ணீர்ப் பீப்பாய்க்குள் விட்டு ஆட்டியதும் வில்லாக வளைந்தது. முழுவதும் அலுமினியத்தில் செய்யவும் வழியில்லை. தட்டுக்குப் பக்கத்தில் உலோகம் இருந்தால் மெஷின் அதைப் பார்த்தே கத்திக்கொண்டிருக்கும். ஆகவே மேல்பாதியை மட்டும் அலுமினியக் குழாயில் வெட்டினாள். கீழ்ப்பாதிக்கு மீன்பிடிச் சாமான் கடை ஒன்றில், உடைந்துபோன கைவலையின் பிடி கிடைத்தது. கண்ணாடி இழைக் குழாய். கனம் இல்லை, வளையவும் இல்லை.

பழைய தண்டில் இரண்டு பாதிகளையும் ஒரு திருகுப் பூட்டு பிடித்திருந்தது. மணல் புகுந்தால் அது நழுவும். இவள் ஒன்றை மற்றொன்றுக்குள் இறுக்கமாகச் செருகி, இரண்டையும் சேர்த்துத் துளையிட்டு, குறுக்கே துருப்பிடிக்காத எஃகு முளை ஒன்றைப் போட்டாள். தட்டைப் பிடிக்கும் காதுகளைப் பழையதைவிட இரு மடங்கு தடிமனாக நைலான் கட்டியில் செதுக்கி, பசை ஊற்றிக் குழாய்க்குள் இறுக்கினாள். மறையாணியும் நைலான்தான். தண்ணீர் புகாமல் மேல்முனையையும் அடைத்தாள்.

மறுபடி பீப்பாயில் இறக்கினாள். தண்டு ஆடவில்லை. ஆனால் தட்டு அடியில் தங்க மறுத்தது. அழுத்தினாலும் மேலேயே வந்தது.

வாசலில் காலணி கழற்றிக்கொண்டிருந்த குணாளன் சற்று நேரம் பார்த்தான்.

"அலமாக், ரெண்டு பக்கமும் அடைச்சு வெச்சிருக்க. உள்ள காத்து இருக்கு. மெதக்காம என்ன செய்யும்? கீழயும் மேலயும் ஓட்ட போடு, தண்ணி உள்ள போவட்டும்."

அவள் துளைப்பானை எடுத்தாள். அவன் வந்து குழாயைப் பிடித்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனே காரை ஓட்டினான். ஆச்சி பின்னால் அமர்ந்திருந்தார். மெர்சிங்கில் கடல் உள்வாங்கியிருந்தது. சாம்பல் கரைத்த அன்று உறவுக்காரப் பையன் எடுத்த படம் ஆச்சியின் போனில் இருந்தது. படத்தில் ஆச்சிக்குப் பின்னால் தெரிந்த தீவையும் பாறையையும் வைத்து, நிற்க வேண்டிய இடத்தைக் குணாளன் கரையிலிருந்து கைகாட்டினான்.

அலை வந்து தட்டில் மோதியது. தண்டு அசையவில்லை. முன்பெல்லாம் தட்டு ஆடும்போது மெஷின் காரணமில்லாமல் முனகும். இன்று அமைதியாக இருந்ததால், கேட்ட ஒவ்வொரு சத்தத்தையும் நம்ப முடிந்தது. தூண்டில் ஈயக்குண்டு வந்தது. பாட்டில் மூடி வந்தது. வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் தாழ்வாக, மெதுவாக ஒரு சத்தம். தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அதே இடத்தில் அதே சத்தம்.

மணல் அள்ளும் சல்லடைக் கரண்டியை ஆழமாக இறக்கித் தூக்கினாள். மணல் வழிந்து இறங்கியது. சங்கிலி ஒரு முடிச்சாகச் சுருண்டு கிடந்தது. நடுவில் தாலி.

பிரேமலா அதைத் தொடவில்லை. திரும்பிப் பார்த்தால் ஆச்சி புடவை நனைய அவளுக்குப் பின்னாலேயே வந்து நின்றார். கரண்டியை அப்படியே நீட்டினாள். ஆச்சி எடுத்துக் கடல் தண்ணீரிலேயே அலசி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன பண்ணப் போறீங்க, ஆச்சி?" என்று பிரேமலா கேட்டாள்.

"தெரியலம்மா. பெட்டியில வெச்சிருப்பேன். ஒருநாள் நானே வந்து விட்டாலும் விடுவேன். அன்னிக்கு யாரும் பக்கத்துல நின்னு சொல்லாம இருந்தாச் சரி."

குணாளன் செருப்போடு தண்ணீரில் இறங்கி வந்தான். "மெதுவா வாங்க ஆச்சி, இங்க பள்ளமா இருக்கு" என்று கையை நீட்டினான்.

ஆச்சி தாலியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அவன் கையைப் பிடிக்காமல், பிரேமலாவின் தோளில் இருந்த மெஷினைப் பார்த்தார்.

"இது ரொம்பக் கனமா?"

"புடிச்சுப் பாருங்க."

ஆச்சி வாங்கி, இரண்டு முறை தயங்கித் தயங்கி வீசினார். மூன்றாவது முறை மெஷின் கூவியது. குணாளன் குனிந்து தோண்டினான். குளிர்பான டப்பாவின் மூடி வளையம் ஒன்று கையில் வந்தது.

"குப்பை" என்றான்.

"இருக்கட்டும்" என்று ஆச்சி அடுத்த அடி வைத்தார். "நேரம் இருக்குல்ல?"