பொட்டி பரணிக்கு எத்தனை மார்க்?

2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை, வலையபட்டி முத்தரசு வீட்டார் புதுவயலுக்குப் பெண் பார்க்க வந்தார்கள்.

பெரியவர்கள் கேசரியில் இறங்கியதும் தீபலட்சுமி மாப்பிள்ளையை மாடிக்கு அழைத்துப் போனாள். முன்பு வந்த இரண்டு வரன்களை அவள் தட்டிக்கழித்ததற்கு ஒரே காரணம்தான்: ஹிப் ஹாப் இசையமைப்பாளர் பொட்டி பரணி யாரென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. பரணிக்கு ரசிகர் பக்கம் நடத்துகிறவள் அப்படிப்பட்டவனோடு எப்படிக் காலந்தள்ளுவாள்?

"பொட்டி பரணிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீக?"

"ஆறு," என்றான் முத்தரசு.

"ஆறா!" தீபலட்சுமி கத்தினாள். "அவரு இல்லாட்டி தமிழ்ல ராப் ஏது? இன்னைக்கு எல்லாப் பயலும் அவரு பீட்டைத்தான திருடுறான்?"

"அதுக்குத்தாங்க ஆறு. கடைசி ஆல்பத்தை முழுசாக் கேட்டிருக்கீகளா? தண்ணியில்லாத கிணத்துல மோட்டார் ஓடுற மாதிரி இருக்கும்."

மூன்றாவது பாட்டை அவளும் தாண்டியதில்லை. அந்த ஆல்பத்தைக் காவியம் என்று ரசிகர் பக்கத்தில் எழுதியவளும் அவளேதான்.

சத்தம் கேட்டு அப்பா தங்கச்சாமி மேலே ஓடிவந்தார். "என்னத்தா, சண்டையா? மாப்பிள்ளையப் பிடிக்கலையா?"

"ஏழுக்கு வரச் சொல்லுங்கப்பா, முடிச்சுக்கலாம்."

முத்தரசு கொஞ்சம் யோசித்தான். "ஏழு. அதுக்கு மேல மனசு வரல."

ஆவணி கடைசியில் பரிசம் போட்டார்கள்.