தோப்பூரில் மட்டும் நிற்காத எச்சரிக்கை

அகதிகளுக்கு உதவும் நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பூரணி தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். அவள் இருந்த துறைமுக வீதி அலுவலகத்திலும் நிலாவெளியிலும் கணினித் திரையில் வரும் எச்சரிக்கை அன்று காலையோடு நின்றுவிட்டது. தோப்பூரில் மட்டும் நிற்கவில்லை.

“வழமைபோலத்தான் தங்கச்சி,” என்றான் அங்கே அகதிகளைப் பதிவு செய்யும் அஸீம். அவளுக்கு அவன் நானா, அண்ணன் முறை. “இந்தச் சான்றிதழ நம்பேலாது, தொடரவா எண்டு கேக்குது. யெஸ் அமத்திட்டுப் போறன்.”

அப்படிப் பழக்கியவள் அவள்தான். பதிவு போய்ச் சேர்வது தன் கணினிக்குத்தான் என்று அலுவலகம் தனக்குத் தானே எழுதிக்கொண்ட பழைய சான்றிதழை எந்தக் கணினியும் நம்பவில்லை. முறையானதை வாங்கித் தரும்படி முகாமையாளர் ஆனந்தராசாவிடம் ஒரு வருடமாகக் கேட்டாள். “மெஷின் புலம்பினாப் புலம்பட்டும். யெஸ் அமத்தச் சொல்லிக் குடும் பிள்ளை,” என்றார். எதிர்க்காமல் சொல்லிக் கொடுத்தாள். வெளிநாட்டு நிறுவனம் உறுதிப்படுத்திய சான்றிதழ் இப்போதுதான் வந்தது. எல்லாப் பதிவும் வந்து சேரும், அவளருகே இருந்த சேர்வரில் அதைக் காலையில் ஏற்றியிருந்தாள்.

“திகதி பிழையெண்டாலும் இது வரும். கணினியில திகதி சரியோ நானா?”

“சரி.”

“சான்றிதழத் திறந்து, குடுத்தது ஆரெண்டு வாசியுங்கோ.”

அவன் வாசித்த பெயர் அவள் ஏற்றியதில் இல்லை. தோப்பூருக்கும் இந்த மேசைக்கும் நடுவில் வேறொரு இயந்திரம் இருந்தது. சம்பூர்ச் சண்டையில் ஓடிவந்தவர்களின் பெயர், ஒதுங்கியிருக்கும் வீடு, காணாமற்போன மகன், எல்லாவற்றையும் அது முதலில் தான் படித்துவிட்டு இங்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

“எப்பயிருந்து நானா?”

“எச்சரிக்கை ஒவ்வொரு நாளும் வாறதுதானே. எனக்கு எப்பிடித் தெரியும்?”

யாருக்கும் தெரியாது. உண்மையான எச்சரிக்கை வந்த நாளையும் அவர்கள் யெஸ் அமத்தித்தான் கடந்திருந்தார்கள்.

எழுந்து சேர்வரின் பின்னால் கையை விட்டாள்.

“கழட்டாதையும்,” என்றார் ஆனந்தராசா அறை வாசலிலிருந்து. “கொழும்புத் தலைமை அலுவலகத்தில பதிவுகளப் பாத்துக்கொண்டிருக்கினம். ஆரோ சும்மா எட்டிப் பாத்தா என்ன இப்ப?”

இணைய வயரை இழுத்தெடுத்தாள்.

“உமக்கென்ன விசரோ?”

“ஓம்,” என்றாள். “நீங்கள் பதிஞ்ச ஆக்களிட்டப் போய்ச் சொல்லுறியளோ, நான் போகட்டோ?”

அவர் கதவைச் சாத்தினார்.

“நானா, நீங்கள் பதிஞ்சதெல்லாத்தையும் நடுவில ஆரோ படிச்சிட்டினம். பதிஞ்ச எல்லாரிட்டயும் இண்டைக்கே ஆள் போகவேணும். இருக்கிற வீட்ட விட்டு மாறச் சொல்லுங்கோ.”

அஸீமுக்கு எதிரே, பதிய வந்திருந்த ஒரு பெண்ணின் குரல் தொலைபேசியில் கேட்டது.

“தம்பி, என்ர மூத்தவன்ட பேரும் போட்டாச்சுத்தானே?”

அஸீம் எழுந்ததில் கதிரை பின்னால் இழுபடும் சத்தம். அந்தப் பெண் மகனின் பெயரை, ஒவ்வொரு எழுத்தாக, மறுபடி சொல்லத் தொடங்கினாள்.